மூன்று தலைமுறை விதைக்கடையை எதை வைத்து நம்புவது?

புதுச்சேரியின் பாகூரில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி வைக்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கடலூரில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் ஒரு குடும்ப விதைக்கடையின் பாக்கெட்டில், கடையைத் தொடங்கிய தாத்தாவின் படமும் ‘நம்பிக்கை, நேர்மை, பாரம்பரியம்’ என்ற மூன்று சொற்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன, இவற்றுக்கும் உள்ளே இருக்கும் விதைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா, இல்லை பட்டுப்புடவைக் கடை விளம்பரம் போன்றதுதானா? கேள்வி ஒரு கடையைப் பற்றியதுபோல இருந்தாலும், ஒரு குடும்பத்தின் வரலாறு ஒரு விதையின் தரத்துக்குச் சாட்சியாகுமா என்பதே அவர் கேட்க நினைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். வேளாண்மை படித்துவிட்டு, 1992இல் கடலூர் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு குடும்ப நிறுவனத்தில் வயல் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, 26 ஆண்டுகள் அங்கேயே இருந்தவன் நான். அவர் குறிப்பிடும் கடையின் விதையை நான் சோதித்தவன் அல்லன். ஆகவே அந்தக் கடைக்கு நற்சான்றும் தரமாட்டேன், குற்றமும் சொல்லமாட்டேன். இந்த வகைக் கடைகள் எப்படி இயங்குகின்றன, அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை மட்டும் அவருக்கு எழுதுகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காய் வாங்குபவர் காம்பைப் பார்த்து, அழுத்திப் பார்த்து வாங்கலாம். கத்தரி விதையை அப்படி வாங்க முடியாது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் கல், தூசி, சொத்தை விதை தெரியும், அது புறத்தூய்மை. முளைக்குமா என்பதை இரண்டு வாரத்தில் சோதித்துவிடலாம், அது முளைப்புத்திறன். ஆனால் இந்த விதை எந்தச் செடியின் பிள்ளை, எந்த மகரந்தத்தில் உருவானது என்ற இனத்தூய்மையை, செடி வளர்ந்து காய்த்த பிறகுதான் விவசாயி அறிய முடியும். அதற்குள் உழவு, உரம், ஆள்கூலி, ஒரு பட்டம் எல்லாமே போயிருக்கும். விற்பவர் கண்ணுக்கும் தெரியாத, வாங்குபவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு குணத்தை விலைபேசும் வணிகம் இது. விதை வணிகம் பல நாடுகளிலும் குடும்பப் பெயரைச் சுற்றியே வளர்ந்ததற்கு இதுதான் முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட ஒரு பீர்க்கங்காயில் தெரிந்துகொண்டது அதிகம். வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் துண்டில் நான்கு பீர்க்கங்காயை முடிந்துகொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காயை மேசைமேல் வைத்து, “நீங்களே வாயில வச்சுப் பாருங்க ஐயா” என்றார். நாங்கள் பெரியவர் என்று அழைக்கும் கடையின் மூத்தவர் சாக்கு அறுக்கும் கத்தியால் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டார். போட்ட வேகத்தில் வாசலுக்குப் போய்த் துப்பினார். எட்டிக்காய்க் கசப்பு. அரைக் காணியில் பந்தல் போட்டு ஏற்றிய கொடி. செடிக்குச் செடி பறித்துப் பார்த்ததில் பத்துக்கு மூன்று கொடி இப்படி என்றார். காலி பாக்கெட்டைக் கூரையில் செருகி வைத்திருந்ததால், ஒரே தொகுதியாக அடைத்த விதைக்கு இடும் குவியல் எண் கிடைத்தது. குவியல் எண்ணை வைத்துப் பேரேட்டைப் புரட்டியபோது, அது நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றை ஒட்டிய ஒரு விதை வயலில் விளைந்தது என்று தெரிந்தது. வயலைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் அந்த இடத்துக்குப் போனோம். வயலுக்கு முந்நூறு தப்படி தள்ளி, வாய்க்கால் கரையில் சீமைக்கருவேல் புதர்மேல், தானே முளைக்கும் கசப்புப் பீர்க்கான பேய்ப்பீர்க்கு படர்ந்து கிடந்தது. பீர்க்கைப் போன்ற வெள்ளரிக் குடும்பத்துப் பயிர்களின் சான்று விதைக்கு, மகரந்தம் கலக்காதபடி அதே வகைப் பயிரிலிருந்து 500 மீட்டர் பயிர் விலகு தூரம் வேண்டும் என்பதை அறிந்தே, சுற்றுவட்டாரத்தில் வேறு பீர்க்கு வயல் உண்டா என்று நான் விசாரித்திருந்தேன். யாரும் விதைக்காமல் தானே முளைத்த கொடியை விசாரிக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேய்ப்பீர்க்கின் மகரந்தம் நல்ல பீர்க்கின் பூவில் விழுந்தாலும் அந்தப் பருவத்துக் காய் கசக்காது, ஏனெனில் காயின் சதை தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் விதைதான் கலப்பு. அதனால் விதை வயலில் நின்று காயைத் தின்று பார்த்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். தவறு ஓரிடத்தில் நடக்கிறது, அடுத்த ஆண்டு வேறொருவர் பந்தலில் வெளிப்படுகிறது.

அதன்பிறகு கடையில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குத் தொடர்புடையது. அந்தக் குவியலில் மீதியிருந்த பாக்கெட்டுகளை அன்றே எடுத்துவிட்டார்கள். விற்றவற்றை ஊர் ஊராகத் தேடினோம். விதைக்காசைத் திருப்பித் தருவது என்று இளைய மகன் சொன்னபோது பெரியவர், “விதைக்காசு நாப்பது ரூவா. பந்தக்காசு யாரு குடுப்பா?” என்று கேட்டு, பந்தல் போட்ட செலவில் பாதியையும் கொடுத்தார். முழுதாகக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குறிஞ்சிப்பாடிக்காரர் மனநிறைவோடு போனார் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் அடுத்த ஆடிக்கும் எங்கள் கடைக்குத்தான் வந்தார். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேலியோரமும் வாய்க்கால் கரையும் நடந்து முடிக்காமல் வயல் பார்த்ததாக எழுதக்கூடாது என்ற ஒரே கட்டளை மட்டும் வந்தது.

இந்தக் குடும்பக் கடைகள் எப்படி உருவாயின என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் விளங்கும். காய்கறி விதை நெடுங்காலம் வீட்டுப் பெண்கள் கையில் இருந்த பொருள். சுரைக்குடுவையில் சாம்பல் கலந்து வைத்த அவரை, சாணத்தில் அப்பிச் சுவரில் தட்டிய பூசணி விதை, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கிய முற்றிய பீர்க்கு ஆகியவையே விதைக் கிடங்குகள். சந்தையில் தானியம் விற்றவர்களில் சிலர் படியால் அளந்து காய்கறி விதையும் விற்றார்கள். விடுதலைக்குப் பின் ஆராய்ச்சி நிலையங்கள் ரகங்களை வெளியிடத் தொடங்கியபோது, அந்த ரகங்களைப் பெருக்கி ஊருக்குக் கொண்டுசேர்க்க ஆள் தேவைப்பட்டது. 1963இல் தேசிய விதைக் கழகம் தொடங்கியது; 1966இல் விதைச் சட்டம் வந்தது. இந்தப் பக்கத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், சற்றுத் தள்ளிக் கோயம்புத்தூர், பெரியகுளம் ஆகியவை தந்த கத்தரி, மிளகாய், தக்காளி ரகங்களின் ஆதார விதையை, அதாவது பெருக்குவதற்கென்று தரும் மூல விதையை வாங்கி, தெரிந்த நாலு விவசாயிகளிடம் கொடுத்து விளைய வைத்து, சுத்தம் செய்து பொட்டலம் கட்டியவர்களே இன்று ‘மூன்று தலைமுறை’ என்று சொல்லிக்கொள்ளும் கடைகளின் முதல் தலைமுறை. மராட்டியத்தின் ஜால்னாவில் பத்ரிநாராயண் பர்வாலே என்பவரும், டெல்லியில் உருவான பூசா சவானி வெண்டையை இப்படிப் பெருக்கித்தான் தொடங்கினார்; 1964இல் அவர் நிறுவிய குடும்ப நிறுவனம் நாட்டின் பெரிய விதை நிறுவனங்களில் ஒன்றாயிற்று, 1998இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. எல்லாரும் பர்வாலே ஆகவில்லை. பெரும்பாலோர் ஒரு தாலுகாவுக்குள் நின்றுவிட்டார்கள். நிற்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்து வேலை எப்படி இருந்தது என்பதை ஒரு பயிரில் காட்டுகிறேன். தக்காளியில் நன்கு பழுத்த பழத்தைப் பிசைந்து, கூழை ஒன்று அல்லது இரண்டு நாள் புளிக்க வைத்து, விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு விட்டதும் கழுவுவோம். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். ஒரு பொழுது கூடுதலாகப் புளித்தால் விதை தொட்டியிலேயே முளைக்கட்டத் தொடங்கும் அல்லது நிறம் மங்கும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. கூழில் கைவிட்டுப் பார்த்து, “இப்ப எறக்கு” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் கடையில் அந்த ஆள் பெரியவரின் தங்கை. வயலிலோ பூக்கும் முன், பூக்கும்போது, காய்க்கும்போது என மூன்று முறை நடந்து, ரகத்துக்கு ஒவ்வாத கலவன் செடிகளைப் பிடுங்க வேண்டும். விதை வயல்காரருக்குப் பிடுங்கும் செடி ஒவ்வொன்றும் பணம். அதை மனதாரப் பிடுங்க வைப்பதற்கு அவருக்கும் கடைக்கும் நெடுநாள் உறவு தேவை. பாக்கெட்டில் தாத்தா படத்துக்குப் பதில் அந்த விதை வயல்காரர்களின் படம் போட்டிருந்தால் அது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

இரண்டு வேறு பெற்றோர் ரகங்களை ஒட்டி ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கும் வீரிய ஒட்டு விதைகள் வந்தபின் நிலைமை மாறியது. ஒட்டுத் தக்காளி விதைக்கு மாலையில் மொட்டைத் திறந்து மகரந்தப் பைகளை நீக்கி, மறுநாள் காலை ஆண் ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பெற்றோர் ரகங்கள் நிறுவனத்தின் கையில் இருக்கும். இந்த வேலை கர்நாடகத்தின் ராணிபென்னூர் வட்டாரம் போன்ற இடங்களில் குவிந்துவிட்டது. 1988ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை வெளிநாட்டுக் காய்கறி விதைக்கும் கதவைத் திறந்தது. சிறு குடும்பக் கடைகளில் பல, விதை உண்டாக்குபவர் நிலையிலிருந்து, வேறு நிறுவனத்தின் மூடிய டப்பாவை விற்பவர் நிலைக்கு வந்தன. ஆகவே நீங்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்’ என்பதன்று. ‘இந்த ரகம் உங்கள் வயலில் விளைந்ததா, வாங்கிப் பொட்டலம் கட்டியதா, வேறு நிறுவனத்தினுடையதா’ என்பது. மூன்றுமே நேர்மையான வணிகமாக இருக்கலாம். மூன்றாவதற்கு முதலாவதன் பெருமையைப் பூசினால்தான் நேர்மை போகிறது.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் ஒரு பிரெஞ்சு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். பாரிசில் 1743இல் தொடங்கிய ஒரு விதைக்கடையிலிருந்து வளர்ந்தது வில்மோரன் குடும்ப நிறுவனம். அக்குடும்பத்தின் லூயி த வில்மோரன், 1850களில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கில் வேலை செய்தபோது, விதைக்கு நிறுத்தும் செடியை அதன் தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடக்கூடாது, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக விதைத்து அதன் பிள்ளைகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்ற முறையை வகுத்தார். புதிய ரகங்களை உருவாக்குவதில் இன்றும் அது அடிப்படை. அந்தப் பெயர் இன்றும் விதைப் பாக்கெட்டில் உண்டு, ஆனால் நிறுவனம் இன்று லிமாக்ரென் என்ற பிரெஞ்சு விவசாயிகள் கூட்டுறவைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய பர்ப்பி நிறுவனமும் 1970இல் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. நம்மூரில் இது பாகப்பிரிவினையாக நடக்கும். அண்ணனுக்குக் கடையும் பெயரும், தம்பிக்குக் கிடங்கும் விதை வயல்காரர் தொடர்பும் என்று பிரிந்து, இருவர் பாக்கெட்டிலும் ஒரே தாத்தா சிரித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன பூசா சவானி, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் என்பதற்காகவே புகழ்பெற்ற வெண்டை. காலப்போக்கில் அந்தத் தாங்குதிறன் எடுபடாமல் போயிற்று. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டு வெண்டையோடு ஒட்டி உருவாக்கிய அர்கா அனாமிகா அந்த இடத்துக்கு வந்தது. அப்பா விற்ற ரகம் என்ற பாசத்தில் பழையதையே தள்ளிக்கொண்டிருந்த கடைகளும் இருந்தன, அதில் எங்களுடையதும் இரண்டு பருவம் அடக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு: இந்த ஊர்க் குழம்புக்கு ஏற்ற கத்தரியையும், பெரிய நிறுவனத்துக்கு லாபம் தராத அளவு சிறிதாக விற்கும் கீரை வகைகளையும் விடாமல் காத்துவந்தவையும் இதே கடைகள்தாம்.

விழுமியம் என்பது செலவாக வரும்போதுதான் அது உண்டா இல்லையா என்று தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் சாய்ந்ததில் பல நாள் மின்சாரம் இல்லை. எங்கள் கிடங்கில் குளிரூட்டியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் நின்றன. காற்றுப் புகாத உறையில் இன்னும் அடைக்காத கத்தரி விதை துணிப்பைகளில் இருந்தது. கடற்காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருந்தது. புயலுக்கு முன் 88 விழுக்காடு முளைத்த குவியல், ஜனவரிக் கடைசியில் 76 விழுக்காடு முளைத்தது. கத்தரிக்குக் குறைந்தபட்சத் தரம் 70 விழுக்காடு. சட்டப்படி விற்கலாம் என்றார் மூத்த மகன், அது சரியும்கூட. பெரியவர், “இன்னிக்கு எழுபத்தாறு. ஆடியில எவ்வளவு?” என்றார். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு கூடினாலே அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும், சேமிக்கும் வெப்பம் 5 பாகை செல்சியசு கூடினாலும் அப்படியே என்பது விதைத்துறையில் வழங்கும் ஹாரிங்டன் விதி. பெரியவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் விதி அவருக்குத் தெரியும். அந்த வாரமே நாற்றங்கால் விடுபவர்களுக்கு மட்டும், நடந்ததைச் சொல்லி, எடை கூட்டிச் சிறிது விற்றோம். மிச்சம் ஜூனில் 58க்கு இறங்கியது. பூஞ்சாண மருந்து கலந்த விதையானதால் மாட்டுக்கும் போட முடியாது. குழி வெட்டிக் கொட்டி மூடினோம். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் பாதி போனஸ்தான். முதலாளி நேர்மையின் விலையில் ஒரு பங்கு வேலையாட்கள் வீட்டிலிருந்தும் போகிறது என்பதை இப்படிப்பட்ட கடைகளைப் பற்றிய பாராட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. காய்கறி விதையில் பெரும்பகுதி, அரசுத் துறை வயலாய்வு செய்து தரும் நீல அட்டைச் சான்று விதையாக வராது. உற்பத்தியாளர் தானே பொறுப்பேற்கும் இளம்பச்சை அட்டை ‘உண்மை நிலை விதை’யாக வரும். அட்டையில் ரகம், குவியல் எண், சோதித்த நாள், முளைப்புத்திறன், தூய்மை, நிகர எடை, பொறுப்பாளர் முகவரி ஆகியவை இருக்கவேண்டும். குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பீர்க்கு, சுரை போன்றவற்றுக்கும் 60 விழுக்காடு. 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்கு உரிமம் வேண்டும், இருப்பும் விலையும் எழுதித் தொங்கவிட வேண்டும், ரசீது தரவேண்டும். ‘நம்மகிட்ட எதுக்கு ரசீது’ என்று மூன்று தலைமுறைப் பழக்கத்தைக் காட்டிச் சிரிக்கும் கடையில் வாங்காதீர்கள். உங்கள் வயல் புதுச்சேரியில், கடை தமிழ்நாட்டில் என்பதால் குறை ஏற்பட்டால் கடை இருக்கும் மாவட்டத்தின் விதை ஆய்வாளரிடம் போகவேண்டியிருக்கும். விதையில் ஏமாந்த விவசாயி நுகர்வோர் மன்றத்துக்கும் (இப்போது நுகர்வோர் ஆணையம்) போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. வீரிய ஒட்டாக இல்லாமல் ரகமாக இருந்து, உங்கள் வயலிலேயே அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்தால் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் அந்த உரிமையைக் காக்கிறது. பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், வணிகப் பெயர் ஒட்டி மட்டும் விற்கக்கூடாது. வீரிய ஒட்டில் அப்படி எடுத்தால் அடுத்த தலைமுறைச் செடிகளின் குணம் ஒன்றுபோல இல்லாமல் சிதறும்.

பெரிய நிறுவன விதையா, குடும்பக் கடை விதையா என்ற ஒப்பீட்டில் நான் சொல்வதை என் அனுபவ அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது ரகங்களின் விதை உற்பத்தி, ஒட்டு ரக ஆராய்ச்சி அன்று. ஒட்டுத் தக்காளியும் மிளகாயும் என்றால் பெரிய நிறுவனத்தின் சோதனைக்கூடமும் குளிர்கிடங்கும் சிறு கடைக்கு எட்டாதவை. வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை ஆகியவற்றின் ரகங்கள் என்றால், தன் வயலில் தானே நடந்து பார்க்கும் குடும்பத்திடம் நான் வாங்குவேன்.

ஆடிப்பட்டத்துக்கு விதைப்பதாக இருந்தால் ஆனி முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் 14 நாள் பாருங்கள். அட்டையில் உள்ள எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் நாற்று விடுவதற்கு முன்பே கடைக்குப் போகலாம். மீதி விதையைக் குளிர்பெட்டியில் ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். காலி பாக்கெட்டையும் ரசீதையும் கடைசிப் பறிப்பு முடியும்வரை தூக்கிப்போடாதீர்கள். குறிஞ்சிப்பாடிக்காரர் கூரையில் செருகி வைத்திராவிட்டால் அந்தப் பேய்ப்பீர்க்குக் கொடியிடம் எங்களை யாரும் கூட்டிப் போயிருக்க முடியாது.